இது என் சொந்தக் கற்பனையே

வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிப் பழகியவர்களுக்கு அந்த வாசகம் மனப்பாடம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கம் மார்ஜின் விட்டு, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையை உள்ளே வைத்து, கடைசியாக ஒரு தனித் தாளில் எழுத வேண்டும். இக்கதை என் சொந்தக் கற்பனையே. தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று. வேறெந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்படவில்லை. கீழே கையெழுத்து, தேதி. 1991 அக்டோபரில் நான் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாக்கியங்களில் மூன்றாவது மட்டும் உண்மை.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இதழில் கதை வந்தது. தலைப்பு ‘அருவிக்கரை ஆதாம்’. பத்திரிகையின் பெயர் வேண்டாம். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கதை இதுதான். ஆதாம் குற்றாலத்தில் தனியாக, நிம்மதியாக இருக்கிறான். ஒருநாள் நீளத் தலைமுடியோடு ஒரு புதுப் பிராணி வந்து சேருகிறது. போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகிறது. ஓயாமல் பேசுகிறது. இவன் ‘நான்’ என்று நினைக்கிற இடத்தில் அது ‘நாம்’ என்கிறது. இவன் வாயைத் திறப்பதற்குள் கண்ணில் படுவதற்கெல்லாம் பெயர் வைத்துவிடுகிறது. ஏன் இதற்கு ஆந்தை என்று பெயர் எனக் கேட்டால், பார்த்தால் ஆந்தை மாதிரிதானே இருக்கிறது என்று பதில். ஐந்தருவிக்கு வழி, இங்கே சோப்பு போடக் கூடாது என்றெல்லாம் பலகை நடுகிறது. விரட்டினால் அதன் முகத்தில் தண்ணீர் வடிகிறது. அது என்ன நோயென்று ஆதாமுக்கு விளங்கவில்லை. பிறகு பழம். பிறகு தோட்டத்தை விட்டு வெளியேற்றம். வெளியே வந்தபின் அவள் ஒருநாள் சின்னஞ்சிறு ஜந்து ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். மீனா, தேவாங்கா, கரடிக்குட்டியா என்று ஆதாம் மாதக்கணக்கில் ஆராய்கிறான். அதே இனத்தில் இன்னொன்று பிடித்துவர மலை மலையாக அலைகிறான். அவன் வெறுங்கையோடு திரும்பும்போது அவள் வீட்டிலிருந்தபடியே இரண்டாவதைப் பிடித்து வைத்திருக்கிறாள். கடைசியில், வருஷங்கள் பல போனபின், ஏவாளின் கல்லறை முன்னால் நின்று ஆதாம் ஒரே ஒரு வரி சொல்கிறான். கதை முடிகிறது.

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். குற்றாலம் நான் போட்டுவிட்ட வேஷம். அசலில் அது நயாகரா. மார்க் ட்வெய்னின் ஆதாம் டைரி 1893இல் நயாகரா அருவி பற்றிய ஒரு நினைவு மலரில் வெளிவந்தது. ஆதாமை வைத்து அவர் முன்பே எழுதியிருந்தது விலைபோகாமல் கிடந்தது. மலர்க்காரர்கள் நயாகராவைப் பற்றி ஏதாவது கொடுங்கள் என்று கேட்கவே, ஏதேன் தோட்டத்தைத் தூக்கி அருவிக்கரையில் வைத்துக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்குக் கடும் பணமுடை. அடுத்த ஆண்டே அவருடைய பதிப்பகம் திவாலானது. ஏவாள் தன் தரப்பைச் சொல்லும் டைரி பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1905 டிசம்பரில், ஒரு பெண்கள் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில் வந்தது. நான் முதல் டைரியின் உடம்பையும் இரண்டாவது டைரியின் கடைசி வரியையும் எடுத்துத் தைத்தேன்.

திருட்டிலும் உழைப்பு உண்டு. ட்வெய்னின் ஆதாம் குழந்தையைக் கங்காரு என்று நினைக்கிறான். மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காருவுக்கு எங்கே போவது? தேவாங்கு என்று மாற்றினேன். அங்கே ஆதாம் பீப்பாயில் உட்கார்ந்து அருவியோடு விழுகிறான். இங்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டு பொங்குமாங்கடலில் குதித்தான். அங்கே ஆப்பிள்; இங்கே மங்குஸ்தான், சீசனில் குற்றாலத்துக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்களே, அது. இந்த ஒரு மாற்றத்துக்காக மட்டும் எனக்கு மனச்சாட்சி உறுத்தவில்லை. ஆப்பிள் ஆதியாகமத்திலேயே கிடையாது. அங்கே வெறும் ‘கனி’தான். ஆப்பிள் பிற்காலத்தில் ஐரோப்பாவில் வந்து ஒட்டிக்கொண்டது.

புத்தகம் எனக்குத் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோட்டு நடைபாதையில் கிடைத்தது. முன்னட்டை இல்லாத ட்வெய்ன் சிறுகதைத் தொகுப்பு. 12 ரூபாய். அப்போது எனக்கு வயது 27, ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. அதுவரை எழுதி அனுப்பிய ஏழு கதைகளும் சுயவிலாச உறையில் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன. மேன்ஷன் அறையில் கட்டிலுக்கு அடியில் அந்த உறைகளை அடுக்கி வைத்திருந்தேன். ட்வெய்னை ஒரே இரவில் படித்து முடித்தேன். சிரித்துச் சிரித்து அறைக்கூட்டாளி எழுந்து திட்டினான். சிரிப்பு அடங்கியபோது வயிற்றில் ஏதோ எரிந்தது. பொறாமை என்று அன்றைக்கு அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

ஏனென்றால் அது என் கதை என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியார். ஆதாம் ஏவாளை அவர் பிரசங்கத்தில் கேட்டு, ஓய்வுநாள் பள்ளியில் படம் வரைந்து, கிறிஸ்துமஸ் நாடகத்தில் சர்ப்பமாக நெளிந்து வளர்ந்தவன் நான். ஆச்சியோ தாத்தா இல்லாத நேரத்தில் அதே கதையை வேறு மாதிரி சொல்லுவாள். ‘மண்ணுல செஞ்சது மண்ணு மாதிரியே கெடந்துச்சு, எலும்புல செஞ்சதுதான் எந்திரிச்சு நடமாடிச்சு’ என்பாள். இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையை எழுத எனக்குத் தோன்றவில்லை. நயாகராவைப் பார்த்த ஒரு அமெரிக்கக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு வரவேண்டியதை அவன் முந்திக்கொண்டான் என்கிற மாதிரி ஒரு கோபம். ஆச்சி சொன்னதை எழுதியிருக்கலாம். அது என்னுடையது. எடுக்கவில்லை. அது அச்சில் வரத் தகுந்தது என்று எனக்குப் படவேயில்லை.

கதையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உதவி ஆசிரியர் எங்கள் பக்கத்துக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வைத்திருந்த தலைப்பு ‘ஆதாமின் டைரி’. திருடனுக்கே உரிய அசட்டுத்தனம், அசலின் பெயரைக்கூட மாற்றவில்லை. அவர் அங்கேயே நின்றபடி நாலு பக்கம் புரட்டிவிட்டு, தலைப்பை அடித்து ‘அருவிக்கரை ஆதாம்’ என்று எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“தம்பி, சொந்தக் கதைதானே?”

“ஆமா அண்ணாச்சி.”

“நல்லாருக்குடே. அந்தக் கடைசி வரி எங்கேருந்து வந்துச்சு உனக்கு?”

“தெரியல அண்ணாச்சி. தானா வந்துச்சு.”

“உறுதிமொழி வச்சிருக்கியா?”

வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். வாங்கிக் கதையோடு குண்டூசி குத்தி வைத்தார்.

இதழ் வந்தது. எங்கள் ஓவியர் ஏவாளின் கூந்தலை முழங்கால்வரை இறக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு பாறையால் மறைத்திருந்தார். (ட்வெய்னின் ஏவாளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1906இல் புத்தகமானபோது லெஸ்டர் ரால்ஃப் வரைந்த படங்களில் அவள் ஆடையின்றி இருந்தாள் என்பதற்காக மாசச்சூசட்ஸ் மாநிலத்தில் சார்ல்ட்டன் என்ற ஊர் நூலகம் புத்தகத்தையே விலக்கிவைத்தது. தோட்டத்துக்குள் இருக்கும்போது அவள் வேறு எப்படி இருப்பாள் என்று அவர்கள் எதிர்பார்த்தார்களோ!) 250 ரூபாய் மணியார்டர் வந்தது. மேன்ஷனில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எழுதிய கதைகள் திரும்பி வரவில்லை. ‘அருவிக்கரை ஆதாம் எழுதினாரே, அவர்’ என்று அறிமுகம் செய்யப்பட்டேன். இன்றுவரை என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே கதை அதுதான். நானாக எழுதிய நாற்பது சொச்சம் கதைகளில் ஒன்றையாவது யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும், கேட்பதில்லை.

ஜனவரி கடைசியில் பத்திரிகை அலுவலகம் வழியாக ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எழுதியிருந்தார். மனைவி போய் ஏழு மாதம் ஆகிறதாம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லாதபோது இந்தக் கதையைப் படித்தாராம். கடைசி வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அந்த அம்மாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாராம். ‘உங்கள் வயது எனக்குத் தெரியாது. இழந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டிருந்தார்.

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

அந்த வரி எப்படி வந்தது என்று இப்போது சொல்கிறேன். ட்வெய்னின் மனைவி ஒலிவியா. லிவி என்று கூப்பிடுவார். 1870இல் கல்யாணம். ட்வெய்னின் கையெழுத்துப் பிரதிகளை முதலில் படிப்பவர் லிவிதான். நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்து 1904 ஜூனில் இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் இறந்துபோனார். அதற்கு அடுத்த ஆண்டு எழுதப்பட்டதுதான் ஏவாளின் டைரி. முதல் டைரியில் ஏவாளைத் தொல்லை பிடித்த பிராணியாகப் பார்த்துக் கேலி பேசிய அதே கை, இரண்டாவதில் அவளுக்கே பேனாவைக் கொடுத்துவிட்டது. நட்சத்திரங்களை மண்ணாங்கட்டி வீசி விழுத்தப் பார்க்கிறாள். குச்சியைக் குச்சியோடு உரசி நெருப்பைக் கண்டுபிடிக்கிறாள். ஆதாமுக்குப் பெயர் வைக்கும் சாமர்த்தியம் கிடையாது, அவன் சங்கடப்படக் கூடாதே என்றுதான் தானே முந்திக்கொள்வதாகச் சொல்கிறாள். முதல் டைரியில் அவன் புலம்பிய அதே விஷயம். இவ்வளவையும் அவளைச் சொல்லவிட்டு, கடைசியில் ஆதாமைக் கூப்பிட்டு அந்தக் கல்லறை வாசகத்தை ஒரே வரியில் சொல்லவைத்தார். முப்பத்துநாலு வருஷ வாழ்க்கை அந்த வரிக்குக் கொடுத்த விலை.

நான் கொடுத்த விலை 12 ரூபாய். பெரியவருக்கு ஒரு போஸ்ட் கார்டில் பதில் எழுதினேன். ‘அனுபவம் இல்லை ஐயா, கற்பனைதான். தங்கள் அன்புக்கு நன்றி.’ அவர் அந்தக் கார்டையும் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுடுகிறது.

சமாதானங்கள் கைவசம் நிறைய இருந்தன. ட்வெய்ன் 1910இல் இறந்துவிட்டார், காப்புரிமை எல்லாம் காலாவதி, சட்டப்படி இது திருட்டே இல்லை. இது முதல் சமாதானம். தமிழில் தழுவல் என்ன புதிதா என்பது அடுத்தது. மணிக்கொடிக் காலத்தில் தழுவலா மொழிபெயர்ப்பா என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. புதுமைப்பித்தன் தழுவலை அப்படிச் சாடினார். ஆனால் அவரே ஆரம்பத்தில் மாப்பசான் கதைகளைத் தழுவி எழுதியவர்தான். அவரே செய்திருக்கும்போது நான் எம்மாத்திரம் என்று தேற்றிக்கொண்டேன். அவருடைய உச்சங்களில் ஒன்றையும் என்னால் தொட முடியவில்லை, சறுக்கிய இடத்தில் மட்டும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

மிகவும் பிடித்தமான சமாதானம் இன்னொன்று. எல்லோருமே ஆதியாகமத்திலிருந்து எடுத்தவர்கள்தானே? ட்வெய்னின் ஏவாள் குளத்தில் தன் முகத்தைப் பார்த்து, அது யாரோ ஒரு தோழி என்று நினைக்கிறாள். ஆதியாகமத்தில் அப்படி ஒரு குளமே கிடையாது. அது மில்டனுடையது, 1667இல் வெளிவந்த ‘இழந்த சொர்க்க’த்தின் நாலாம் காண்டத்தில் ஏவாள் தண்ணீரில் தெரியும் உருவத்தைக் கண்டு மயங்கி நிற்கிறாள். மில்டனோ அதை ஓவிட் சொன்ன நார்சிசஸ் கதையிலிருந்து எடுத்தார். ஆக ஓவிட், மில்டன், ட்வெய்ன், பிறகு நான். வரிசையில் நாலாவது ஆள். இதில் என்ன தப்பு?

வெகுகாலம் இந்த வாதம் எனக்குப் பலமாகவே தெரிந்தது. ஓட்டை எங்கே என்று பிறகுதான் உறைத்தது. மில்டனைப் படிப்பவர்களுக்கு நார்சிசஸைத் தெரியும். தெரிந்தால்தான் ரசிக்க முடியும். அவன் தண்ணீரையே பார்த்துச் செத்தான், இவள் திரும்பி ஆதாமிடம் நடந்தாள் என்ற வித்தியாசத்தில்தான் கவிதையே இருக்கிறது. ட்வெய்னைப் படித்துச் சிரிக்க வேண்டுமானால் ஆதியாகமம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே மிருகங்களுக்குப் பெயர் வைப்பவன் ஆதாம், இங்கே அவள் வைக்கிறாள், அதுதான் வேடிக்கை. அகலிகையை அறியாதவனுக்குப் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ ஒன்றுமே இல்லை. இவர்கள் எல்லோரும் மூலத்தை வாசகன் கண்ணெதிரே வைத்துவிட்டுத்தான் விளையாடினார்கள். என் கதையோ வாசகனுக்கு ட்வெய்னைத் தெரியாத வரைக்கும்தான் உயிரோடு இருக்கும். ஆதியாகமத்தை நான் மறைக்கவில்லை. ட்வெய்னை மறைத்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரைப் பாறைக்குப் பின்னால் தள்ளிவிட்டு அவர் இடத்தில் நின்றேன்.

இதுவரை சொன்னது இளவயதுத் திருட்டு. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிட முடிகிறது. இனிமேல் சொல்லப்போவதுதான் தொண்டையில் நிற்கிறது.

என் மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தாள். 2015இல் ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அப்பா, விஷயம் தெரியுமா? மார்க் ட்வெய்ன் உங்க கதையைக் காப்பியடிச்சிருக்கான்!”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான பதிலைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அந்த ஒரு விசில் நேரம் எனக்கு இருந்தது. ‘ஆமாம்மா, திருடினேன், அப்போ இருபத்தேழு வயசு, புத்தியில்ல’ என்று சொல்லியிருக்கலாம். அவள் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள், பிறகு சரியாகியிருக்கும்.

நான் சொன்னது இது.

“தழுவல்தான்மா. மூலம் மார்க் ட்வெய்ன்னு கீழே எழுதித்தான் கொடுத்தேன். பத்திரிகையில விட்டுட்டாங்க. அண்ணாச்சின்னு ஒருத்தர், அவரோட கவனக்குறைவு. நான் போய்ச் சண்டைகூடப் போட்டேன்.”

அண்ணாச்சி 2009இலேயே காலமாகிவிட்டார். அது எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் அந்தப் பெயர் வாயில் வந்தது.

மகளின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். “பாவம்ப்பா நீங்க” என்றாள்.

எங்கள் தாத்தா ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்துக்குப் பிரசங்கம் செய்யும்போது ஒரு இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். பழத்தைத் தின்றது பெரிய பாவம் இல்லை என்பார். கேட்டபோது என்ன பதில் சொன்னான், அதைப் பாருங்கள் என்பார். ஆதாம் ஸ்திரீயைக் கைகாட்டுகிறான். அதுவும் வெறுமனே இல்லை. நீர் தந்த ஸ்திரீதானே என்று கேட்டவர் மேலேயே பாதியை ஏற்றுகிறான். அவள் சர்ப்பத்தைக் கைகாட்டுகிறாள். ‘சர்ப்பத்துக்குக் கை கெடையாது, அதனால அது யாரையும் காட்டல’ என்று தாத்தா சொல்லும்போது கோயிலில் சிரிப்பு எழும். சின்ன வயதில் நானும் சிரித்தவன்தான். பேச முடியாத ஒருவரைப் பார்த்துக் கைகாட்டுவது எவ்வளவு சுலபம் என்று ஐம்பத்தொன்றாம் வயதில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதோடு போகவில்லை. மகள் எம்.ஃபில். படித்தபோது ஏதேன் கதையை மறுபடி எழுதிய புனைகதைகளையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டாள். வெள்ளிக் கிரகத்தில் இரண்டாவது ஏவாள் ஒருத்தியைக் குடியேற்றி, அசையாத நிலத்தில் இரவு தங்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு விலக்கும் வைத்த சி. எஸ். லூயிஸின் 1943ஆம் ஆண்டு நாவல், மில்டனைத் தலைகீழாக்கிப் பிள்ளைகளுக்கு மூன்று பாகம் எழுதிய ஃபிலிப் புல்மன், ட்வெய்ன் எல்லாம் அதில் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் தமிழ் எடுத்துக்காட்டாக நானும் உண்டு. அங்கே ஒரு அடிக்குறிப்பு. ஆசிரியர் மூலத்தைக் குறிப்பிட்டிருந்தும் இதழின் ஆசிரியர் குழுவின் கவனக்குறைவால் அது விடுபட்டது, இது ஆசிரியரே நேரில் தெரிவித்த தகவல். 2020இல் பைண்டு செய்து பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்திருக்கிறார்கள். வாய்ப்பேச்சாக இருந்த பொய்க்கு அட்டை போட்டு அலமாரி எண்ணும் கொடுத்தாயிற்று. இறந்துபோன ஒரு மனிதர், என் உறுதிமொழித் தாளைக் குண்டூசி குத்தி வைத்தவர், அந்த அலமாரியில் குற்றவாளியாக நிற்கிறார்.

ஆய்வேட்டை வாசிக்க உட்கார்ந்தபோதுதான் ட்வெய்னையும் மறுபடி எடுத்தேன். இருபத்தெட்டு வருஷமாகத் தொடாத புத்தகம். படிக்கப் படிக்க, நான் வெட்டி எறிந்த ஒரு பகுதி வந்தது.

வெளியேற்றத்துக்குப் பிறகு ஒருநாள் ஏவாள் ஆதாமிடம் சொல்கிறாள்: எல்லாக் கேட்டுக்கும் காரணம் நீதான். விலக்கப்பட்டது ஆப்பிள் இல்லை, செஸ்ட்நட் என்று சர்ப்பம் சொல்லியிருக்கிறதாம். செஸ்ட்நட் ஒரு கொட்டை. அந்தக் கால ஆங்கிலக் கொச்சையில் அரதப்பழசான ஜோக்குக்கும் அதுதான் பெயர். ஆதாமுக்கு முகம் வெளிறுகிறது. கேடு நேர்ந்த அதே நிமிஷத்தில் அருவியை நினைத்து மனசுக்குள் ஒரு ஜோக் அடித்துக்கொண்டது அவனுக்கு ஞாபகம் வருகிறது, தண்ணீர் கீழிருந்து மேலே விழுந்தால் எப்படியிருக்கும் என்று. அவன் மறைக்கவில்லை. ஆமாம், என் தப்புதான் என்று ஒத்துக்கொள்கிறான். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஆதாமை எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, ஏவாள் கைகாட்டியபோது பதிலுக்குக் கைகாட்டாமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் ஆதாம் இந்தக் கோமாளி ஒருவன்தான்.

அந்தப் பகுதியைத்தான் 1991இல் அடித்துத் தள்ளியிருந்தேன். செஸ்ட்நட் சிலேடை தமிழில் வராது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறேன். ஒப்புக்கொள்கிற இடத்தை மட்டும் பார்த்து வெட்டியிருக்கிறேன் என்றால், கை எப்படிப்பட்ட கை! இன்னொன்று: சிலேடை வராது என்றதே பொய். ‘கடி’ என்று ஒரு சொல் அப்போதே எல்லோர் வாயிலும் இருந்ததே! பழத்தைக் கடித்தாலும் கடி, அசட்டு ஜோக் அடித்தாலும் கடி. விலக்கப்பட்டது கனி இல்லையாம், கடியாம் என்று ஏவாள் வந்து சொல்லியிருந்தால் குற்றாலமே சிரித்திருக்கும். அந்த ஒரு இடத்தில் நான் நிஜமாகவே எழுத்தாளனாகியிருக்கலாம். திருடுகிற அவசரத்தில் அதுகூடத் தட்டுப்படவில்லை.

மகளின் ஆய்வேட்டில்தான் உர்சுலா லெ குவினின் கதையும் எனக்கு அறிமுகமாயிற்று. 1985இல் நியூயார்க்கர் பத்திரிகையில் வந்த மிகச் சின்னக் கதை. ஆதாம் வைத்த பெயர்களை ஏவாள் மிருகங்களிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். கவரிமாடுகள் மட்டும் கொஞ்சம் விவாதம் செய்கின்றன. பூனைகள் எங்களுக்கு அப்படிப் பெயரே இருந்ததில்லை என்கின்றன. கடைசியில் தன் பெயரையும் கொண்டுபோய் ஆதாமிடம் திருப்பிக் கொடுக்கிறாள். அவன் வேறு ஏதோ வேலையில் இருக்கிறான். அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போ என்கிற தோரணையில் பதில் சொல்கிறான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கும் அப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். இந்த வயதில் ஒரு பழைய கதையைப் பற்றி நான் போடும் கூச்சலை யார் நின்று கேட்கப் போகிறார்கள்?

ஆனாலும் தள்ளிப்போட முடியாத நிலை வந்துவிட்டது. பைபிளிலிருந்து பிறந்த தமிழ்க் கதைகளைத் தொகுக்கும் ஒரு நண்பர் போன மாதம் ‘அருவிக்கரை ஆதாம்’ வேண்டுமென்று கேட்டார். மகளிடம் சொன்னேன். “இந்தத் தடவையாவது மூலம் யாருன்னு போடச் சொல்லுங்கப்பா. அந்த எடிட்டர் செஞ்ச அநியாயம் இன்னும் எத்தனை நாளைக்கு?” என்றாள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலையில் நண்பருக்குப் போன் செய்து கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இதை அச்சில் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது. நேரில் சொல்லும் தைரியம் இப்போதும் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் இருந்தால் இப்போது நூறு வயதை நெருங்கியிருப்பார். அவருக்கு எழுதவேண்டிய கார்டு என்னிடம் இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் இதழோ, பிறகு வந்த என் தொகுப்போ உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் ஒரு உதவி செய்யுங்கள். கதைக்கு மேலே இருக்கும் என் பெயரை அடித்துவிட்டு மார்க் ட்வெய்ன் என்று எழுதிவிடுங்கள். தலைப்பை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அது அண்ணாச்சி வைத்தது.